கேப் டவுனில் ஒரு பகல்: பெங்குவின்களும் பபூன்களும் நன்னம்பிக்கை முனையும்

வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்காவின் கேப் தீபகற்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பையொட்டிக் கடிதங்கள் பல வந்துள்ளன. அங்கே ஒரு நாளைச் செலவிட விரும்புவோருக்கு உதவக்கூடியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். விமானக் கட்டணமும் விசா விதிகளும் மாதத்துக்கு மாதம் மாறுபவை என்பதால், அவை பற்றிய கேள்விகளை விட்டுவிட்டோம்.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் பணிபுரியும் மகனைப் பார்க்க ஜனவரியில் நானும் என் கணவரும் செல்கிறோம். கேப் டவுனில் எங்களுக்கு முழுதாகக் கிடைப்பது ஒரே ஒரு நாள். சீல் என்னும் கடல்நாய், பெங்குவின், நன்னம்பிக்கை முனை ஆகிய மூன்றையும் அதற்குள் பார்த்துவிட முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும். ஆனால் சுற்றுலா நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் வரிசையில் போனால் மூன்றையும் பிறர் தோள்களுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலான பேருந்துகள் காலையில் நகரிலிருந்து மேற்குக் கரையோரமாகக் கிளம்பி, ஹவுட் பே துறைமுகத்தில் பயணிகளைச் சீல் தீவுக்குப் படகேற்றி, சாப்மன்ஸ் பீக் மலைச்சாலை வழியாகத் தெற்கே இறங்கி, நண்பகல் வாக்கில் நன்னம்பிக்கை முனையை ஒட்டிய கேப் பாயிண்டையும் பிற்பகலில் சைமன்ஸ் டவுனுக்கு அருகிலுள்ள போல்டர்ஸ் கடற்கரையையும் அடைகின்றன. நீங்கள் இந்த வட்டத்தை அப்படியே திருப்பிப் போட்டுவிடுங்கள். விடிந்ததும் கிளம்பி, கிழக்குக் கரையில் மியூசன்பெர்க், கால்க் பே வழியாகச் சைமன்ஸ் டவுன் சென்று, போல்டர்ஸ் கடற்கரையின் வாயில் திறக்கும் நேரத்துக்கே பெங்குவின்களைப் பார்த்துவிடலாம். அப்போது மரப்பலகை நடைபாதையில் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

அங்கிருந்து கேப் பாயிண்ட் அரை மணி நேரப் பயணம்தான். அது டேபிள் மவுண்டன் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி என்பதால் வாயிலில் நுழைவுக் கட்டணம் உண்டு. வாயிலுக்கும் முனைக்கும் இடையே உள்ள புதர்ச் சமவெளியை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். ஃபைன்போஸ் என்று பெயர்பெற்ற, முழங்காலளவே வளரும் இந்தச் செடிக்கூட்டம்தான் உலகத் தாவரவியலாளர்களைக் கேப் டவுனுக்கு இழுத்துவருகிறது. கேப் மலர்ப் பிரதேசத்தில் ஏறத்தாழ 9,000 வகைத் தாவரங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. 2004-இல் யுனெஸ்கோ இப்பகுதிகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்தச் செடிகளுக்கு நடுவே, அலை வந்து மோதும் பாறையிலிருந்து சில அடி தொலைவில், நெருப்புக்கோழிகள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும். பாலைவனப் பறவை என்று பாடப்புத்தகத்தில் படித்ததைக் கடல் நுரைக்குப் பக்கத்தில் பார்ப்பது வேடிக்கையான அனுபவம். முகத்தில் வெள்ளைப் பட்டையுள்ள பான்டிபாக் மான்களும் சில வேளைகளில் தென்படும்.

பிற்பகலில் மேற்குக் கரையோரமாக ஸ்கார்பரோ, நூர்ட்ஹூக் ஆகிய ஊர்களைக் கடந்து சாப்மன்ஸ் பீக் சாலையில் வடக்கு நோக்கி ஏறுங்கள். மலையைக் குடைந்து 1922-இல் திறக்கப்பட்ட இந்தச் சாலை ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குள் 114 வளைவுகளைக் கொண்டது. நம் நாட்டைப் போலவே அங்கும் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், வடக்கு நோக்கிப் போகும் வண்டிதான் கடலை ஒட்டிய பக்கத்தில் இருக்கும். நின்று பார்ப்பதற்கான இடங்களும் உங்கள் பக்கமாகவே வரும். ஜனவரியில் சூரியன் மறைய இரவு எட்டு மணியாகிவிடும் என்பதால் அவசரமே இல்லை. பாறைச் சரிவு அபாயம் இருக்கும் நாட்களில் சாலையை மூடிவிடுவார்கள்; அன்று காலையிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்த வரிசையில் ஒன்று மட்டும் விடுபடும். ஹவுட் பேயின் சீல் படகுகள் பெரும்பாலும் காலையில்தான் செல்கின்றன. அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன். படகு டைக்கர் தீவைச் சுற்றிவருமே தவிரக் கரையில் இறக்கிவிடாது. அட்லாண்டிக் அலையின் ஆட்டமும் ஆயிரக்கணக்கான சீல்களின் நெடியும் எல்லார் வயிற்றுக்கும் ஒத்துவருவதில்லை. காலையில் வழியிலேயே இருக்கும் கால்க் பே மீன்பிடித் துறையில் பத்து நிமிடம் நில்லுங்கள். மீனவர்கள் மீனை அறுத்துச் சுத்தம் செய்யும் மேடைகளுக்கு அடியில், தலையும் குடலும் எப்போது விழும் என்று மீசையை நிமிர்த்திக் காத்திருக்கும் அதே வகைச் சீல்களைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். படிக்கட்டில் ஏறிப் படுத்திருக்கும் சீலுக்கு அருகே போய்விட வேண்டாம். அதன் கடி நாய்க்கடியைவிட மோசமானது. தென்னாப்பிரிக்கக் கரையோரச் சீல்களிடையே அண்மைக் காலத்தில் வெறிநோயும் கண்டறியப்பட்டிருக்கிறது.

கேள்வி: ஆப்பிரிக்காவில் பெங்குவின் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. பனி இல்லாத இடத்தில் அவை எப்படி வாழ்கின்றன? யாராவது கொண்டுவந்து விட்டவையா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: யாரும் கொண்டுவந்து விடவில்லை. பெங்குவின் இனங்களில் பெரும்பாலானவை அண்டார்க்டிகாவுக்கு வெளியேதான் வாழ்கின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டிய கலாபகஸ் தீவுகளில்கூட ஓர் இனம் உண்டு. ஆப்பிரிக்கப் பெங்குவினுக்கு வேண்டியது பனி அல்ல, குளிர்ந்த கடலும் அதிலுள்ள மீனும்தான். அண்டார்க்டிகா பக்கத்திலிருந்து வரும் குளிர்நீரையும் ஆழ்கடலிலிருந்து மேலெழும் சத்துகளையும் சுமந்து பெங்குவேலா நீரோட்டம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக ஓடுகிறது. அதில் மத்தியும் நெத்திலியும் கூட்டங்கூட்டமாகப் பெருகுகின்றன. நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய இரு நாடுகளின் கரைகளிலும் தீவுகளிலும் மட்டுமே இந்த இனம் குஞ்சு பொரிக்கிறது.

போல்டர்ஸ் கடற்கரைக்கு அவை தாமாகவே வந்து சேர்ந்தன. 1980-களின் தொடக்கத்தில் இரண்டு இணைகள் அங்கே கூடு கட்டின. சுற்றிலும் வீடுகள் நிறைந்த அந்த இடம் இருபது ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான பறவைகளின் குடியிருப்பாகிவிட்டது. தோட்டத்துச் செடிகளை மிதிப்பதும், இரவு முழுவதும் கத்துவதுமாக அவை குடியிருப்புவாசிகளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அவற்றின் குரல் கழுதை கத்துவதை அப்படியே ஒத்திருப்பதால் முன்பெல்லாம் கழுதைப் பெங்குவின் என்றே அவற்றை அழைத்தார்கள்.

நேரில் பார்க்கும்போது கவனிக்க வேண்டிய இரண்டு உண்டு. கண்ணுக்கு மேலே வெற்றுத் தோலாக, இளஞ்சிவப்பாக ஒரு திட்டு இருக்கும். உடல் சூடேறும்போது அங்கே இரத்த ஓட்டம் கூடி, வெப்பம் வெளியேறும். வெயில் ஏற ஏற அந்தத் திட்டின் சிவப்பும் ஏறுவதை நின்று பார்க்கலாம். இன்னொன்று இறகு உதிர்தல். நவம்பர் முதல் ஜனவரி வரை பல பறவைகள் பழைய இறகு முழுவதையும் ஒரே மூச்சில் உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடும்; ஏறத்தாழ மூன்று வாரம் உடலில் நீர் ஒட்டாத கவசம் இல்லாததால் கடலுக்குள் இறங்கவும் முடியாது, இரை தேடவும் முடியாது. கிழிந்த தலையணையிலிருந்து பஞ்சு பிதுங்குவது போல இறகுகள் தொங்க, அசையாமல் நிற்கும் அந்தப் பறவைகளை நோயாளிகள் என்று நினைத்துப் பூங்கா ஊழியரிடம் முறையிடும் பயணிகள் உண்டு. அவை முன்பே சேமித்த கொழுப்பைக் கொண்டு பட்டினி கிடக்கின்றன. கூச்சலிட்டு விரட்டுவதால் வீணாகும் சக்தியை ஈடுகட்ட அவற்றுக்கு வழியில்லை.

இவ்வளவு எளிதாகப் பார்க்க முடிவதால் எண்ணிக்கை ஏராளம் என்று எண்ணிவிடக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படும் இந்த இனத்தில் இன்று எஞ்சியிருப்பவை பத்தாயிரம் இணைகளுக்கும் குறைவு. 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தவை. பறவை எச்சம் தலைமுறை தலைமுறையாகப் படிந்து கெட்டியான படுகையைக் குடைந்துதான் பெங்குவின்கள் முன்பு வளை அமைத்தன. 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் படுகையை உரத்துக்காகச் சுரண்டி எடுத்துவிட்டதால், வெட்டவெளியிலும் புதர் அடியிலும் முட்டையிட வேண்டியதாயிற்று. வெயில் தாங்காமல் தாய் எழுந்துபோகும் நேரத்தில் கடற்காகங்கள் முட்டையைக் கொத்திப்போகின்றன. முட்டைகளை மனிதர்களும் பல பத்தாண்டுகள் பொறுக்கி விற்றார்கள். அதற்குப் பிறகு வந்தது மீன் பஞ்சம். மத்தியும் நெத்திலியும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதோடு, மீன் கூட்டங்கள் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்துவிட்டன. இடம் மாறாத பெங்குவின்கள் பழைய தீவுகளிலேயே காத்திருக்கின்றன. பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2025-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, முக்கியமான ஆறு குடியிருப்புகளைச் சுற்றி வணிக நோக்கிலான மத்தி, நெத்திலி மீன்பிடிப்பு பத்து ஆண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டுள்ளது.

2000-ஆம் ஆண்டு ஜூனில் 'ட்ரெஷர்' என்னும் சரக்குக் கப்பல் கேப் டவுனுக்கு அருகே மூழ்கி எண்ணெய் கசிந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 19,000 பெங்குவின்கள் எண்ணெயில் நனைந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த தன்னார்வலர்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுவினார்கள். எண்ணெய் படாத மேலும் சுமார் 19,500 பறவைகளை வண்டியேற்றி, கிழக்கே எண்ணூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட் எலிசபெத் அருகே கடலில் விட்டார்கள். அவை நீந்தி வீடு திரும்புவதற்குள் இங்கே கடலைத் துடைத்துவிடலாம் என்பது கணக்கு. பீட்டர் என்று பெயரிட்டுச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட ஒரு பறவையின் பயணத்தை உலகமே இணையத்தில் பின்தொடர்ந்தது. கணக்குத் தப்பவில்லை.

கேள்வி: எங்கள் குழந்தைகளுக்குச் சிறுத்தைக் குட்டியையோ சிங்கக் குட்டியையோ மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஆசை. கேப் டவுன் அருகே அப்படிப்பட்ட இடங்கள் உண்டு என்று ஒரு முகவர் சொல்கிறார். போகலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போக வேண்டாம் என்பதே என் கருத்து. குழந்தைகளின் ஆசையைக் குறை சொல்லவில்லை; அந்தத் தொழில் நடக்கும் விதத்தைத்தான் சொல்கிறேன். சிங்கக் குட்டியை மடியில் வைத்துக்கொள்ளும் பருவம் சில மாதங்களே. அதற்குப் பிறகு அந்தக் குட்டி எங்கே போகிறது என்று கேட்டால் முகவரிடம் தெளிவான விடை இருக்காது. தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான சிங்கங்கள் கூண்டுகளில் வளர்க்கப்படுகின்றன. குட்டியாக இருக்கும்போது பயணிகள் தடவவும், வளர்ந்ததும் வேலியிட்ட நிலத்தில் வேட்டைக்காரர்கள் சுடவும், பிறகு எலும்பாகவும் பல முறை விலைபோவதே அவற்றின் வாழ்க்கை. இந்த வளர்ப்புத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அந்நாட்டு அரசு 2021-இல் அறிவித்தது. அதற்கு முன்பே, 2019-இல், அந்நாட்டுச் சுற்றுலாத் தொழிலமைப்பான சாட்சா, காட்டு விலங்குகளைத் தொட்டுப் பழகும் நிகழ்ச்சிகளைத் தவிர்க்கும்படி தன் வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது.

'மீட்பு இல்லம்' என்ற பலகை மட்டும் போதாது. கூண்டு விலங்கு உள்ள எந்த இடத்துக்கும் போகும் முன் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: இந்தக் குட்டியின் தாய் எங்கே? இது வளர்ந்ததும் எங்கே இருக்கும்? உண்மையான மீட்பு இல்லங்கள் விலங்குகளை இனப்பெருக்கம் செய்யவிடுவதில்லை; ஆகவே அவற்றில் எப்போதும் குட்டிகள் இருப்பு இருக்கவும் முடியாது.

போல்டர்ஸ் கடற்கரையிலேயே உங்கள் குழந்தைகளுக்கு வேண்டிய அளவு நெருக்கம் கிடைக்கும். நடைபாதை அமைந்துள்ள பகுதிக்குப் பக்கத்தில், பெரும் கருங்கல் பாறைகளுக்கு இடையே குளிக்கத்தக்க சிறிய கடற்கரை ஒன்று இருக்கிறது. அங்கே குழந்தைகள் தண்ணீரில் நிற்கும்போது பெங்குவின் தானாகவே பக்கத்தில் நீந்திப் போவதுண்டு. அது வந்தால் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். கையை நீட்ட விடாதீர்கள். அலகின் விளிம்பு கத்திபோல் கூர்மையானது. அழகான பறவை என்று நம்பிக் கை நீட்டியவர்கள் விரலில் கட்டோடு திரும்பியிருக்கிறார்கள்.

கேள்வி: பழனியில் குரங்குகள் பிரசாதப் பையைப் பிடுங்குவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். கேப் பாயிண்டின் பபூன் குரங்குகளைப் பற்றி இவ்வளவு பயமுறுத்துகிறார்களே, அவ்வளவு பொல்லாதவையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பழனியின் பழக்கத்தை நம்பி அங்கே போகக் கூடாது. நம் நாட்டுக் குரங்கை அதட்டினால் பெரும்பாலும் விலகிவிடும். நன்கு வளர்ந்த ஆண் சாக்மா பபூன் முப்பது கிலோவையும் எட்டும். அதன் கோரைப்பல்லைப் பார்த்தவர் அதட்ட நினைக்க மாட்டார். பூட்டாத கார்க் கதவின் கைப்பிடியை இழுத்துத் திறக்க அவற்றுக்குத் தெரியும். கார் நின்றதும் கண்ணாடியை ஏற்றிக் கதவுகளைப் பூட்டிவிடுங்கள். தின்பண்டத்தை வெளியில் கொண்டுபோய் உண்ணாதீர்கள். ஒருவேளை பபூன் உணவுப் பையைப் பற்றிவிட்டால் விட்டுவிடுங்கள். பை போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

பொல்லாதவை என்ற சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். தீபகற்பத்தின் பபூன்கள் இயற்கையாக உண்பது கிழங்கும் விதையும் பூவும்தான். கேப் பாயிண்ட் பகுதியில் உள்ளவை ஓதம் வற்றும் நேரத்தில் பாறைகளுக்கு இறங்கி, ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பிகளையும் மட்டிகளையும் பெயர்த்துத் தின்னும் அபூர்வக் காட்சியையும் காணலாம். தாய் பெயர்ப்பதைக் குட்டி உற்றுப் பார்ப்பதும், பிறகு தானும் முயன்று வழுக்குவதும் மணிக்கணக்கில் பார்க்கத் தக்கவை. காரிலிருந்து எறியப்பட்ட ஒரு துண்டு ரொட்டிதான் அவற்றைச் சாலைக்கு அழைத்துவருகிறது. ஒருமுறை ருசி கண்ட ஆண் பபூன் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கும். துணிவு மீறிப்போனால் அதிகாரிகள் அதைக் கொல்ல உத்தரவிடும் நிலையும் வரும். பபூனுக்கு உணவு தருவது அங்கே சட்டப்படி குற்றம். கூட்டங்களைப் பின்தொடர்ந்து குடியிருப்புகளுக்குள் வராமல் திருப்பிவிடுவதையே வேலையாகக் கொண்ட காவலர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: ஆப்பிரிக்காவின் தென்கோடி நன்னம்பிக்கை முனைதானே?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: அல்ல. தென்கோடி, அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அகுல்ஹாஸ் முனை. நன்னம்பிக்கை முனையில் உள்ள பலகையே தன்னைக் கண்டத்தின் தென்மேற்குக் கோடி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. அந்தப் பலகையோடு படம் எடுக்கக் காத்திருக்கும் வரிசையைவிட, பக்கத்துக் குன்றிலுள்ள பழைய கலங்கரை விளக்கத்தைப் பரிந்துரைப்பேன்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேலே போக இழுவை ரயிலும் உண்டு. 1860-இல் ஏற்றப்பட்ட அந்த விளக்கைக் கடலிலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் வைத்ததுதான் தவறு. அவ்வளவு உயரத்தில் மூடுபனி அதை அடிக்கடி மறைத்துவிடும். 1911-இல் 'லூசிடானியா' என்ற போர்ச்சுகீசியப் பயணிக் கப்பல் அதற்குக் கீழேயே பாறையில் மோதி மூழ்கிய பிறகு, மிகத் தாழ்வாக இன்னொரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள்.

1488-இல் இம்முனையைச் சுற்றிச் சென்ற பார்த்தலோமியு டயஸ் இதற்குப் புயல் முனை என்று பெயரிட்டதாகவும், இந்தியாவுக்கு வழி பிறந்த மகிழ்ச்சியில் போர்ச்சுகல் மன்னர் அதை மாற்றியதாகவும் வரலாறு கூறும். பத்து ஆண்டுகளில் வாஸ்கோடகாமா இதே வழியாகக் கோழிக்கோட்டுக்கு வந்துவிட்டார். காற்று அடிக்கும் நாளில் கேப் பாயிண்டில் நின்று பார்த்தால் டயஸின் பெயரே பொருத்தம் என்று தோன்றும்.

கேள்வி: கேப் டவுனின் டேபிள் மவுண்டன் மலையில் வரையாடுகள் இருந்தனவாமே? நீலகிரி வரையாட்டைத் தினமும் காண்கிற எங்களுக்கு இது வியப்பாக இருக்கிறது.
– வாசகர், உதகமண்டலம்

பதில்: இருந்தவை உங்கள் வரையாடுகள் அல்ல, இமயமலைத் தார் எனப்படும் மலையாடுகள். 1936-இல் குரூட் ஸ்கூர் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து ஓர் இணை தப்பி மலையேறிவிட்டது. செங்குத்துப் பாறையில் பிறந்து வளர்ந்த இனத்துக்கு டேபிள் மவுண்டனைவிட வசதியான இடம் வேறேது? துரத்த அங்கே சிறுத்தையும் இல்லை. அந்த ஓர் இணையிலிருந்து சில நூறு ஆடுகள் பெருகின. அவற்றின் மேய்ச்சல் ஃபைன்போஸ் செடிகளை அழித்து மண் அரிப்பை உண்டாக்கியதால் பூங்கா நிர்வாகம் அவற்றைச் சுட்டு ஒழிக்கத் தீர்மானித்தது. 2004-இல் அந்த வேலை நடந்தபோது நகர மக்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆடுகளைப் பிடித்து இந்தியாவுக்கே அனுப்பலாம் என்றுகூட யோசனை சொன்னார்கள். அந்த மலைக்கே உரிய கிளிப்ஸ்பிரிங்கர் என்ற சிறு மான்களை மீண்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். குளம்பின் நுனியில் நின்று பாறைக்குப் பாறை தாவும் அவற்றைக் காண நல்ல கண்பார்வையும் பொறுமையும் வேண்டும். நீலகிரி வரையாடும் இமயமலைத் தாரும் ஒரே பேரினம் என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள்; மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு 2005-இல் நம் மாநில விலங்கைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள்.

நம் ஊரிலிருந்து போன இன்னொரு விருந்தாளியும் உண்டு: வீட்டுக் காகம். கப்பல்களில் தொற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாகப் பரவி, 1970-களில் கேப் டவுனிலும் தென்பட்டது. அங்குள்ள பறவைகளின் முட்டைகளைத் தின்பதால் அதைக் கட்டுப்படுத்த நகராட்சி தனித் திட்டமே வைத்திருக்கிறது. அமாவாசைக்கு அழைத்து அன்னமிடும் நமக்கு அதை ஏற்க மனம் வராதுதான்.

கேபிள் காரில் மலையுச்சிக்குப் போனால் தவறாமல் தென்படுவது டாஸ்ஸி என்னும், முயலளவே உள்ள, வாலற்ற பழுப்பு விலங்கு. பார்த்தால் பெருச்சாளி என்று நினைப்பீர்கள். அதன் நெருங்கிய உறவினர்கள் யானையும், நம் பாக் நீரிணையில் வாழும் கடற்பசுவும் என்று விலங்கியல் சொல்கிறது. தென்கிழக்குக் காற்று வலுத்தால் கேபிள் கார் ஓடாது. மலை தெளிவாகத் தெரியும் முதல் வாய்ப்பிலேயே ஏறிவிடுங்கள்.

கேள்வி: கடற்படையில் சேர்ந்த நாய்க்குச் சைமன்ஸ் டவுனில் சிலை வைத்திருக்கிறார்களா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

பதில்: ஆம், ஜூபிலி சதுக்கத்தில். 'ஜஸ்ட் நியூசன்ஸ்' என்ற அந்த கிரேட் டேன் நாய் மாலுமிகளோடு ரயிலில் ஏறி நகரத்துக்குப் போய்வருவதை வழக்கமாகக் கொண்டிருந்தது. சீட்டு இல்லாத பயணத்தை நிறுத்தாவிட்டால் அதைக் கொன்றுவிட வேண்டியிருக்கும் என்று ரயில்வேயினர் எச்சரித்தார்கள். அப்போது கடற்படையினருக்கு ரயில் பயணம் இலவசம். ஆகவே 1939-இல் பிரிட்டிஷ் கடற்படை அதனை முறைப்படி மாலுமியாகவே பதிவு செய்துவிட்டது. பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் 'எலும்பு நொறுக்குதல்' என்று எழுதினார்களாம். 1944-இல் இறந்தபோது இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: இந்தப் பயணத்தில் திமிங்கலமும் பார்க்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: தெற்கத்திய ரைட் திமிங்கலங்கள் குட்டி ஈன அந்தக் கரைக்கு வருவது ஜூன் முதல் நவம்பர் வரை. ஜனவரியில் போகிறவர்கள் எதிர்பார்க்க வேண்டாம். செப்டம்பரில் போகிறவர்கள் போல்டர்ஸுக்கும் கால்க் பேவுக்கும் இடையே காரை நிறுத்திக் கடலைப் பார்த்தாலே போதும். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் ஹெர்மானஸ் ஊருக்குப் போய்க் கரைப்பாறையிலிருந்தே பார்க்கலாம்.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். வாடகைக் காரில் நாங்களே ஓட்டிச் செல்ல எண்ணம். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், சென்னை

பதில்: கேப் டவுன் நகரத்தில் இந்திய உணவகங்களுக்குக் குறைவில்லை, தீபகற்பத்தின் தென்பகுதியில்தான் எங்கும் மீன் மணக்கும். கேப் மலாய்ச் சமையலின் செல்வாக்கால் கடைகளில் சமோசா எளிதில் கிடைக்கும். ஆனால் உள்ளே கொத்துக்கறி இருப்பதே வழக்கம், கேட்டு வாங்குங்கள். காலையில் நகரத்திலேயே ரொட்டியும் பழமும் வாங்கி, மூடியிட்ட பெட்டியில் காரின் பின்பெட்டிக்குள் வைத்துக்கொள்வது உத்தமம்.

ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு, படமும் கையொப்பமும் உள்ள இந்திய ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும். ஆயினும் சில வாடகை நிறுவனங்கள் பன்னாட்டு அனுமதியையும் கேட்பதால் எடுத்துச்செல்லுங்கள். நிறுத்திய காரில் பைகள் வெளியே தெரியும்படி வைக்கக் கூடாது. இருட்டிய பிறகு, வழிகாட்டும் செயலி காட்டும் அறியாத குறுக்குச் சாலைகளில் நுழைவதையும் தவிர்க்க வேண்டும். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக விமானம் மாறுகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவையா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். இடைத்தங்கல் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் தென்னாப்பிரிக்கா அதைக் கேட்கும். தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் இதே கேள்வி எழும்.

போல்டர்ஸில் காரை எடுப்பதற்கு முன் குனிந்து சக்கரங்களுக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். நிழலுக்காகப் பெங்குவின் அங்கே ஒதுங்கியிருக்கலாம், அதை எச்சரிக்கும் பலகையும் அங்கே உண்டு. கேப் பாயிண்ட் வாயில் மூடும் நேரத்தைக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனியாக எழுதிவைத்திருப்பார்கள். உள்ளே போகும்போதே அதைப் படித்துவிடுங்கள், தாமதமாக வெளியேறும் வாகனங்களுக்கு அபராதம் வசூலிக்கிறார்கள்.